கணையமும் இரத்தக் கொழுப்பும்

விருதுநகர்க் கடைத்தெருவில் எண்ணெய் டின்களைக் காணாமல் நூறு அடி நடப்பது அரிது. பழைய விருதுப்பட்டி வாணிகத்தால் வளர்ந்த ஊர். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை நிலவரத்தை வெளியிடும் நாளிதழ்கள் ‘விருதுநகர்’ என்று தனித் தலைப்பிட்டே வெளியிடும். அந்த டின்களில் நிறைந்திருக்கும் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் இரசாயன நூலார் இட்டிருக்கும் பெயர் ஒன்றுதான். டிரைகிளிசரைடு என்பது அது. கிளிசரின் என்னும் பொருளின் ஒரு மூலக்கூறு, கொழுப்பு அமிலங்கள் மூன்றைப் பற்றிக்கொண்டு நிற்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. தமிழில் முக்கொழுப்பு என்று சொன்னாலும் பொருந்தும். நெய்யும் வெண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் பெரும்பாலும் இதே பொருள்தான்.

நேயர்களே, இந்த முக்கொழுப்பு நம் இரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவோடு ஓடும்வரை அதனால் நன்மையே. அளவு பலமடங்கு மீறும்போது, வயிற்றினுள்ளே கணையம் என்னும் உறுப்பு ஓரிரவுக்குள் வெந்து புண்ணாகிவிடக்கூடும். சிலர் உயிரையே இழக்கவும் நேரிடும். இதைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளிக்கூடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. ஆகவேதான் எண்ணெய் டின்னிலிருந்து தொடங்கினேன்.

கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் ‘கொலஸ்டிரால்’ என்று கூறி மார்பைத் தொட்டுக் காட்டுவர். கொலஸ்டிரால் வேறு, டிரைகிளிசரைடு வேறு. முன்னது மெழுகு போன்றது. உடல் தன் உயிரணுக்களைக் கட்டுவதற்கும் சில சுரப்புகளை ஆக்குவதற்கும் அதைப் பயன்படுத்துகிறது. அது மிகுந்தால் இரத்தக் குழாய்கள் அடைபடுவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். பின்னது எரிபொருள். உடனே செலவழிக்கவும் சேமித்து வைக்கவும் உரியது. இரண்டும் ஒரே பரிசோதனைச் சீட்டில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருப்பதனால் நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கொலஸ்டிரால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைந்து, அடுத்த வரியைப் படியாமலே சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வோர் பலர்.

இந்த முக்கொழுப்பு இரத்தத்துக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் குடலில் உடைந்து, குடற்சுவரைக் கடந்தபின் மீண்டும் ஒன்றுசேர்ந்து, கைலோமைக்ரான் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகக் கட்டப்பட்டு இரத்தத்தில் கலப்பது ஒரு வழி. மற்றொன்று கல்லீரலின் வழி. சோறு, மைதா, சர்க்கரை ஆகியவற்றைத் தேவைக்குமேல் உண்டால் கல்லீரல் அந்த மிகுதியைக் கொழுப்பாக மாற்றி, வேறு வகை உருண்டைகளாக்கி அனுப்புகிறது. மதுவும் இதே வேலையை முடுக்கிவிடுகிறது. எண்ணெயை அடியோடு ஒதுக்கிய ஒருவருக்கும் முக்கொழுப்பு ஏறியிருப்பதைக் கண்டு வீட்டார் வியப்பதுண்டு. அவர் குடிக்கும் சர்க்கரைத் தேநீரை எண்ணினால் வியப்பு நீங்கும்.

வந்த சரக்கை இறக்க ஆள் வேண்டுமல்லவா? பண்டகசாலை வாயிலில் லாரி வந்து நின்றால் சுமை இறக்குவோர் வந்து டின்களை இறக்கி உள்ளே கொண்டு செல்வர். நம் தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் லைபோபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி அமர்ந்து இந்த வேலையைச் செய்கிறது. குடலிலிருந்து வரும் லாரிக்கும் கல்லீரலிலிருந்து வரும் லாரிக்கும் வாயில் ஒன்றே, இறக்குவோரும் அவர்களே. சரக்கு மட்டுக்கு மீறி வந்தாலும் தெரு அடைபடும். இறக்குவோர் வேலைக்கு வராவிட்டாலும் அடைபடும். அவர்களை வேலைக்கு அழைக்கும் குரல் இன்சுலின். ஆதலால் நீரிழிவைக் கவனியாது விட்டவருடைய இரத்தத்தில் சர்க்கரையோடு கொழுப்பும் சேர்ந்து தேங்குகிறது.

எவ்வளவு தேங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். இரவு உணவுக்குப்பின் 10 அல்லது 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் காலையில் எடுத்த இரத்தத்தில், 1 டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 150 மில்லிகிராமுக்குக் குறைவாக முக்கொழுப்பு இருப்பது இயல்பு. வளர்ந்த ஒருவர் இரத்தத்தில் தெளிநீர்ப் பகுதி ஏறக்குறைய 3 லிட்டர். அது 30 டெசிலிட்டர். 150ஐ 30ஆல் பெருக்கினால் 4,500 மில்லிகிராம், அதாவது நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அவ்வளவுதான் இருக்கும். உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் இருக்கத்தக்கது ஒரே தேக்கரண்டி! 500ஐத் தாண்டினால் மிக அதிகம் என்று மருத்துவர் வகுக்கின்றனர். 1,000 ஆனால் 30 கிராம், ஆறேழு தேக்கரண்டி. அந்த நிலையை எட்டியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்குக் கணைய அழற்சி நேரும் என்றும், 2,000ஐத் தாண்டினால் அது நூற்றுக்கு 10 முதல் 20 பேர்வரை உயரும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பு உண்டு. அதுவே 4,000 மில்லிகிராம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னர் வேண்டியிருக்கும்.

இனிக் கணையத்துக்கு வருவோம். இரைப்பைக்குப் பின்புறம் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு அது. நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். எடை 100 கிராமுக்குள். இவ்வளவு சிறிய உறுப்பு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை செரிமான நீரைச் சுரந்து முன்சிறுகுடலில் விடுகிறது. இன்சுலினைச் சுரப்பதும் அதனுள் திட்டுத் திட்டாக அமைந்த வேறு உயிரணுக்களே. அந்தத் திட்டுகளை 1869இல் கண்டு எழுதியவர் ஜெர்மானியரான லாங்கர்ஹான்ஸ்.

கொழுப்பைச் செரிப்பதில் கணையத்துக்குப் பங்கு உண்டு என்பதை உலகம் அறிந்த கதை சுவையானது. 1840களின் பிற்பகுதியில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாடு பெர்னார்டு முயல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொழுப்பு உண்ட விலங்கின் குடலிலிருந்து புறப்படும் நுண்குழாய்கள் பால்போல் வெளுத்துத் தோன்றும். முயலிலோ குடலின் தொடக்கத்தில் உள்ளவை வெளுக்கவில்லை. கீழே நெடுந்தூரம் தள்ளியுள்ளவைதாம் வெளுத்திருந்தன. ஏன் என்று பார்த்தார். முயலின் கணைய நாளம் குடலில் வந்து சேரும் இடம் அவ்வளவு தூரம் தள்ளி இருந்தது! கணைய நீர் சேர்ந்தபின்னரே கொழுப்பு உடலுக்குள் செல்கிறது என்பது கண்ணெதிரே விளங்கிற்று. கருவிகள் பெருத்துவிட்ட இக்காலத்திலும் இப்படி ‘ஏன்?’ என்று கேட்கும் கண்ணே பெரிய கருவி என்பது என் கருத்து. அறிவியல் ஆசிரியர்கள் இக்கதையை வகுப்பில் சொல்லலாம்.

புரதத்தைக் கரைக்கும் நொதியும் கொழுப்பைக் கரைக்கும் நொதியும் தன்னுள்ளேயே இருக்கும்போது கணையம் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளாமல் இருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கூறச் சிவகாசி வட்டாரத்தாருக்கே முதல் உரிமை உண்டு. பட்டாசுத் தொழிற்சாலைகளை அறிந்தவர்களுக்கு அங்குள்ள ஒழுங்கு தெரியும். மருந்து கலக்கும் அறை வேறு. அதை அடைக்கும் அறை வேறு. திரி பொருத்தும் இடம் வேறு. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடைவெளி உண்டு. ஓர் அறையில் இத்தனை பேருக்குமேல் இருக்கலாகாது, இத்தனை அளவுக்குமேல் மருந்து வைக்கலாகாது என்றெல்லாம் விதிகள் உண்டு. சேரக்கூடாதவை சேரும்போது நடப்பது என்ன என்பதை இம்மாவட்டம் பலமுறை கண்டு கண்ணீர் வடித்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நேர்ந்ததை மறந்தவர் இங்கு இல்லை.

கணையத்திலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின் என்னும் நொதி, திரி பொருத்தாத வெடியைப்போல் செயலற்ற வடிவிலேயே ஆக்கப்படுகிறது. குடலை அடைந்தபின், குடற்சுவரில் உள்ள வேறொரு நொதி அதற்குத் திரி பொருத்துகிறது. ருசிய நாட்டு அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் 1899இல் கண்ட உண்மை இது. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவர் 1904இல் நோபல் பரிசு பெற்றார். கொழுப்பைக் கரைக்கும் லைபேஸ் நொதிக்கு மட்டும் இந்தக் காவல் இல்லை. அது தொடக்கத்திலேயே செயல்படும் வடிவில் சுரக்கிறது. கணையத்துக்கு அதனால் ஆபத்து நேராமைக்குக் காரணம், கரைப்பதற்கு உரிய கொழுப்பு அங்கே மிகுதியாக இல்லாமையே. நெருப்புக் குச்சி உரசியபடியே இருக்கிறது; அருகே மருந்து இல்லை, அவ்வளவுதான்.

இரத்தத்தில் முக்கொழுப்பு ஆயிரக்கணக்கில் ஏறும்போது, அந்த மருந்தை இரத்தமே கொண்டுவந்து கொட்டுகிறது. கணையத்தின் நுண்குழாய்களில் பெரிய கொழுப்பு உருண்டைகள் நெருங்கி, ஓட்டம் தடைப்படுகிறது. கசிந்திருக்கும் லைபேஸ் அவற்றை உடைக்கிறது. முக்கொழுப்பு பிரிந்து கொழுப்பு அமிலங்கள் வெளிப்படுகின்றன. அளவாக இருந்தால் இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் அவற்றைத் தாங்கிச் செல்லும். அளவு மீறினாலோ அவை கணையத்தின் உயிரணுக்களையும் இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் அரிக்கின்றன. புண்பட்ட உயிரணுக்களிலிருந்து மேலும் லைபேஸ் வெளிவரும்; அது மேலும் கொழுப்பை உடைக்கும். இறுதியில் டிரிப்சினும் குடலை அடையுமுன்னரே விழித்தெழுகிறது. கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் ஒருவகைச் சவுக்காரம் உண்டாகும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதுவே இங்கும் உண்டாகிறது. கடுமையான நோயாளியின் வயிற்றில் சுண்ணக்கட்டித் துகள்போல் வெண்புள்ளிகள் காணப்படுவதும், இரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவதும் இதனால்தான். இந்நோயை ஒரு தனி நோயாகத் தெளிவுற விளக்கியவர் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்டு பிட்ஸ், ஆண்டு 1889. பித்தப்பைக் கல்லும் மதுவும் இதற்குரிய முதலிரண்டு காரணங்கள். மூன்றாம் இடம் முக்கொழுப்புக்கே. நூறு நோயாளிகளில் 10 பேர்வரை இதனால் வந்தவர்கள்.

நோயின் குறி எப்படியிருக்கும்? மேல்வயிற்றில் திடீரென்று தோன்றும் கடும் நோவு. அது முதுகுக்கு ஊடுருவிப் பாயும். மல்லாந்து படுத்தால் மிகும். முன்னோக்கிக் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். வாந்தி நிற்காது. நேரம் செல்லச் செல்ல நோவு குறையாமல் வளரும். திருநாவுக்கரசரை வருத்திய சூலையை நாம் இலக்கியத்தில் படித்திருக்கிறோம். அது இதுவே என்று சொல்லத் துணியேன்; ஆனால் வயிற்றைக் குடைந்து மனிதனை உருட்டும் நோவுக்குச் சூலை என்ற பெயர் எத்துணைப் பொருத்தம் என்பதை இந்நோயாளியைப் பார்த்தால் உணரலாம்.

நம் ஊர்களில் இதற்கு வழங்கும் பெயரோ ‘வாயு’. என்னிடம் படித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பணிபுரியும் ஒருவர் இப்படித்தான் ஓரிரவு முழுவதும் வீட்டிலேயே கிடந்தார். வயது 40ஐத் தாண்டியவர். நீரிழிவுக்குரிய மாத்திரைகளைச் சில மாதங்களாக நிறுத்தியிருந்தார். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அச்சகத்துக்கு இரவும் பகலும் வேலை இருக்கும். அந்த நாட்களில் இரவு உணவு எண்ணெய்ப் பரோட்டாதான். சனிக்கிழமை கூலி கையில் வந்தால் சிறிது மதுவும் உண்டு. நள்ளிரவில் நோவு தொடங்கியது. சோடா, ஓமநீர், பெருங்காயம் எல்லாம் வரிசையாக உள்ளே சென்று அதே வரிசையில் வெளியே வந்தன. “வாயுதான் சார், விடிந்தால் சரியாகிவிடும் என்றிருந்தேன்” என்று பின்னர் என்னிடம் கூறினார். விடிந்தபோது அவரால் நிமிர முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தனர். பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தைக் குழாயில் சற்று நிறுத்தி வைத்தபோது, மேற்பகுதி பாலாடைபோல் வெளுத்து நின்றதாம். அளந்து பார்த்தால் முக்கொழுப்பு 4,000ஐத் தாண்டியிருந்தது. முன்னே சொன்ன பசும்பால் கணக்கை இங்கே நினைவுகூர வேண்டுகிறேன். அவர் பிழைத்து எழுந்தார். மூன்று வாரங்கள் ஆயின.

அவருக்கு நன்மையாய் முடிந்த ஒன்று, முதல் நாளிலேயே இரத்தக் கொழுப்பை அளந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணைய அழற்சி என்று தெரிந்ததும் வாய்வழி உணவை நிறுத்துவர். உணவு நின்றால் குடலிலிருந்து வரும் கொழுப்பு உருண்டைகளும் நின்றுபோகும். இரண்டு மூன்று நாட்களில் முக்கொழுப்பு பெருமளவு இறங்கிவிடும். அதற்குப் பின்னர் அளந்தால் எண் சாதாரணமாகத் தோன்றி, காரணம் மறைந்துவிடும். பித்தப்பையில் கல் இல்லை, மதுப் பழக்கமும் இல்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். பழைய உணவு திரும்பும். சில மாதங்களில் நோவும் திரும்பும். இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. இந்நோயை அறிய அமைலேஸ் என்னும் நொதியை இரத்தத்தில் அளப்பது வழக்கம். இரத்தம் பால்போல் கலங்கியிருந்தால் அந்த அளவை பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். லைபேஸ் அளவே அதைவிட நம்பத்தக்கது. 2012இல் திருத்தியமைத்த அட்லாண்டா வரையறையின்படி, குறிப்பிட்ட வகை வயிற்று நோவு, இந்நொதிகள் இயல்பின் மேல்வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்தல், வருடிப் படத்தில் கணையத்தின் வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என்று கொள்வர். நோயாளியோடு செல்லும் உறவினர், ‘முக்கொழுப்பு அளந்தாயிற்றா?’ என்று முதல் நாளே பணிவோடு கேட்பதில் தவறொன்றுமில்லை. மருத்துவர் அதைக் குற்றமாகக் கொள்ளமாட்டார்.

சிகிச்சையை விரித்துரைப்பது என் வேலையன்று. நரம்பின் வழியே போதிய நீர் ஏற்றுதல், நோவைத் தணித்தல் ஆகியவை எல்லா வகைக் கணைய அழற்சிக்கும் பொது. முக்கொழுப்பினால் வந்தது என்று தெரிந்தால், தேவைப்படுவோருக்கு இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவர். அது சுமை இறக்குவோரை விரைவுபடுத்தும் வழி என்பது உங்களுக்கு இப்போது விளங்கும். மிகக் கடுமையான சிலருக்கு இரத்தத்தின் தெளிநீரையே பிரித்தெடுத்து மாற்றும் முறையும் உண்டு. நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கு நோய் இலேசாகவே வந்து, ஒரு வாரத்தில் நீங்கும். எஞ்சிய ஒருவருக்கு மூச்சு, சிறுநீரகம், இரத்த ஓட்டம் என்று ஒவ்வொன்றாகத் தளரலாம். அந்த ஒருவர் யார் என்பது முதல் மணி நேரத்தில் தெரியாது. ஆகையால் எல்லோரும் மருத்துவமனைக்கே செல்லவேண்டும். முன்பெல்லாம் இங்கிருந்து மதுரையை நோக்கியே வண்டி கட்டுவோம். 2022 ஜனவரி 12ஆம் நாள் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது.

யார் அஞ்சவேண்டும், யார் அஞ்சவேண்டா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்டு, சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. கொலஸ்டிரால் மிகுந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். முக்கொழுப்பு மிகுந்தோர் ஏறத்தாழ 30 பேர். நாம் அஞ்சுவது முன்னதற்கு. நம்மிடம் மிகுந்திருப்பது பின்னது! இந்த 30 பேருக்கும் கணையம் கெடும் என்று எண்ணிக் கலங்கவேண்டா. 150ஐத் தாண்டிய எல்லாரும் அக்கணக்கில் அடங்குவர். ஆயிரத்தை எட்டுவோர் சிலரே. அந்தச் சிலரை ஆயிரத்துக்குத் தள்ளுவன எவை என்பதே அறியவேண்டியது. கட்டுக்கடங்காத நீரிழிவு முதன்மையானது. மது அடுத்தது. தைராய்டுச் சுரப்பின் குறைவு, ஈஸ்ட்ரோஜன் அடங்கிய மாத்திரைகள், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டிராய்டு மருந்துகள் ஆகியனவும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இறுதி மூன்று மாதங்களில் முக்கொழுப்பு இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு உயரும். முன்பே மிகுந்திருந்தவர்க்கு அது பேராபத்து. கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் நோவு என்றால், பிள்ளை உதைக்கிறது என்று பாட்டிமார் சொல்லும் சமாதானத்தை ஏற்று வீட்டில் இருத்தலாகாது.

குடும்ப வழியாக வருவதும் உண்டு. சுமை இறக்கும் அந்த நொதியே பிறவியில் இல்லாதவர் பத்து இலட்சத்தில் ஓரிருவர்தாம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட மரபணு இரண்டும் வந்து சேர்ந்தாலன்றி இக்குறை தோன்றாது. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் அவை சேர்வதற்கு இடம் கூடுதல். கைக்குழந்தைக்கு எடுத்த இரத்தம் பால்போல் இருந்தாலும், பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று நோவு வந்து முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறச் சிறுகொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். இத்தகையோர்க்குப் பன்னெடுங்காலம் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே துணையாக இருந்தது. ஒலெசார்சென் என்னும் ஊசி மருந்தை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் எளிய மக்களின் கைக்கு அது எட்டும் காலத்தை எதிர்நோக்கவேண்டும்.

ஒருமுறை இந்நோய் வந்து மீண்டவர் என்ன உண்பது? இங்கேதான் நம் ஊர்ப் பெருமைகளெல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவற்றில் கடைசியாகச் சொன்னது 2019இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. நானும் இவற்றை விரும்பி உண்டவனே. மற்றவர்களை உண்ணாதீர் என்று சொல்லும் கடுமை எனக்கில்லை. ஆனால் முக்கொழுப்பு ஆயிரத்தைத் தொட்டவருக்கு, அது இறங்கும்வரை, நாள் முழுவதற்குமான கொழுப்பு 30 கிராமைத் தாண்டலாகாது. தாளிப்பது, பொரிப்பது, பாலில் இருப்பது, தேங்காயில் இருப்பது எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஒரு பரோட்டாவை எண்ணெயில் மிதக்கவிட்டு எடுத்தால் அந்தக் கணக்கில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

‘செக்கில் ஆட்டிய எண்ணெய்தானே, அது உடம்புக்கு நல்லதல்லவா?’ என்று கேட்பார் உண்டு. மணமும் சுவையும் செக்கெண்ணெயில் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெயே, ஒரு கிராமுக்கு 9 கலோரியே, முக்கொழுப்பே. எண்ணெயை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினாலும் பயனில்லை. கல்லீரல் தன் லாரியை அனுப்பிவிடும். கம்பு, குதிரைவாலி என்று கரிசல் காட்டுத் தானியங்களுக்குத் திரும்புவோரும் அளவை மறந்து உண்டால் இதே கதைதான். மதுவைப் பற்றி மட்டும் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்நோய் வந்தவர் ஒரு மிடறும் தொடலாகாது. பினோபைப்ரேட் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். நோவு இல்லையே என்று அவற்றை நாமே நிறுத்திவிடலாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிலேயே பெறுவோர் நம் சிற்றூர்களில் பலர். அவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவமனைக்கு நேரில் சென்று, சர்க்கரையோடு கொழுப்பையும் வெறும் வயிற்றில் அளக்கச் சொல்லவேண்டும். முந்திய இரவுக்குப்பின் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், தேநீர் கூடாது. வீட்டில் ஒருவருக்கு 500ஐத் தாண்டியிருந்தால் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் அளந்துகொள்வது நல்லது. நான் சொன்ன அச்சகத் தொழிலாளியின் தம்பிக்கு அளந்தபோது 900க்கு மேல் இருந்தது. அவருக்கு அதுவரை வயிற்றில் ஒரு நோவும் இல்லை. நோய் வந்து மீண்டவர் முதல் நாள் பரிசோதனைச் சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்து, பிறகு எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் வயிற்று நோவென்று சென்றாலும், ஊசி போடுமுன் அதை எடுத்துக் காட்டவேண்டும்.